இறங்கும் சிறகுகள்

நுழையும்முன்

வானோட்டி ஆக வேண்டும் என்னும் விருப்பம் பள்ளிப் பருவத்தில் பலர்க்கும் தோன்றுவது. அவ்விருப்பம் நிறைவேறியபின் அதனை யாருக்காகப் பயன்படுத்தினர் என்பதும், நிறைவேறாதபோது அதனை என்ன செய்தனர் என்பதும் ஆராயத்தக்கவை. பறக்கும் ஆற்றலைப் பிறர் துயர் துடைக்கப் பயன்படுத்தியோர் சிலரைப் பற்றியது இப்பாடம்.

மலையடிவாரத்து வானம்

திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள். இவ்விரண்டிலும் விமான நிலையம் இல்லை. விமானம் ஏற வேண்டுமாயின் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ செல்லல் வேண்டும். மொட்டைமாடியில் நின்று, மலைமுகட்டுக்கு மேலே வெண்கோடு இழுத்துச் செல்லும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதே இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வானூர்தியோடு வாய்த்த முதல் அறிமுகம்.

ஆயினும், பறத்தலைப் பற்றிய எண்ணம் இந்த மண்ணுக்குப் புதியதன்று. பெருமாள் கோவில்களில் கருடன் இறைவனுக்கு எதிரே கைகூப்பி நிற்பதே வழக்கம். திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கருவறையிலோ ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் அருகிலேயே கருடனும் நிற்கிறான். மணநாளன்று மணமகனை விரைவாகக் கொண்டுவந்து சேர்த்தமைக்காக அவனுக்குக் கிடைத்த சிறப்பு இது என்பது தலபுராணச் செய்தி. சுமந்து வந்தவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடாமல் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்ட பண்பு இக்கதையில் எண்ணி மகிழத்தக்கது. இவ்வூரில் பிறந்த பெரியாழ்வாரையும் கருடனின் அம்சம் என்றே வைணவ மரபு போற்றுகிறது. முதலை கவ்விய யானை கதறியபோது விண்ணிலிருந்து இறங்கி வந்ததும் அதே கருடன்தான். நம் மரபில் கருடனின் பெருமை உயரப் பறப்பதோடு நின்றுவிடவில்லை. அழைத்தவர் இருக்குமிடத்தில் இறங்குவதிலும் அது இருந்தது.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்வதில் பெயர்பெற்றது. அங்கே நெய்த துணி, நெய்தவர் பார்த்திராத நாட்டில், பெயர் தெரியாத ஒருவரின் காயத்தைச் சுற்றுகிறது. முன்பின் அறியாதவர்க்கு உதவுதல் என்பதும் இப்பகுதிக்குப் புதியதன்று என்பதற்காகவே இது இங்குக் கூறப்படுகிறது.

அரசி இயக்கிய பொறி

புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், நலங்கிள்ளியை நோக்கிப் பாடும்போது, புலவர் பாடும் புகழுடையோர் வலவன் செலுத்தாத வானூர்தியில் விண்ணுலகு செல்வர் என்கிறார். வலவன் என்பது தேரைச் செலுத்துவோனைக் குறிக்கும் பழஞ்சொல். அந்த ஊர்தியில் செலுத்துவோர் இல்லை. நற்செயல் செய்தவர் அமர்ந்துகொண்டால் போதும்.

செலுத்துவோர் உள்ள வானூர்தியைக் காண விரும்பினால் சீவக சிந்தாமணிக்குச் செல்ல வேண்டும். திருத்தக்கதேவர் காட்டும் இராசமாபுரத்து மன்னன் சச்சந்தன், ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அரசி விசயையோடு அந்தப்புரத்தில் தங்கிவிடுகிறான். அமைச்சன் பகைவனாகிறான். கேடு வருமென்று உணர்ந்த மன்னன் மயில் வடிவில் ஒரு பறக்கும் பொறியைச் செய்விக்கிறான். அதை இயக்கக் கற்றவள் விசயை. திருகியை வலப்புறம் திருப்பினால் பொறி மேகத்தைக் கிழித்து எழும். இடப்புறம் திருப்பினால் கால் குவித்துத் தரையில் வந்தமரும். போர் மூண்ட நாளில், கருவுற்றிருந்த விசயை அப்பொறியில் ஏறித் தப்புகிறாள். அது இடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான்.

இப்பகுதியை வகுப்பில் படிக்கும்போது பலரும் மயிற்பொறியின் விந்தையில் மயங்கி நின்றுவிடுவர். கூர்ந்து நோக்கத்தக்கவை வேறு இரண்டு உண்டு. பொறியை இயக்குபவள் ஒரு பெண். அதுவும் முன்கூட்டியே பழகித் தேர்ந்த பெண். இறுதி நேரத்தில் அப்பொறி ஒரு பிறவா உயிரைக் காக்கவே எழுகிறது. காப்பியப் புலவரின் இக்கற்பனைக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின், தமிழ்நாட்டுப் பெண்ணொருவர் உண்மையாகவே வானூர்தியின் திருகியைக் கையில் ஏந்தினார்.

உஷா சுந்தரம்

இந்தியாவில் ஜே.ஆர்.டி. டாட்டா 1929-இல் விமானி உரிமம் பெற்றார். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளோடு சிறு விமானத்தை அவரே செலுத்தி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்னும் விமானி அவ்வஞ்சலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1936-இல் சரளா தக்ரால் தனியே விமானம் செலுத்தினார். பறத்தல் அப்போது செல்வர்களின் பொழுதுபோக்காகவே பெரிதும் இருந்தது. பறக்கும் மன்றங்களில் சேர்ந்து பயில்வோர் மிகச் சிலர்.

அச்சிலருள் ஒருவர் வி. சுந்தரம். 1916-இல் பிறந்த இவர் சென்னைப் பறக்கும் மன்றத்தில் பயின்று, பிறர்க்குப் பயிற்றும் நிலைக்கு உயர்ந்தவர். பின்னர் மைசூர் மன்னரின் டகோட்டா விமானத்தைச் செலுத்தும் பொறுப்பையும் ஏற்றார். இவருடைய துணைவியார் உஷா, 1924-இல் பிறந்தவர். கணவர் செலுத்தும் விமானத்தில் பயணியாக அமர்ந்து வருவதோடு அவர் நிறைவடையவில்லை. தாமும் கற்றார்; துணைவிமானியாக அருகே அமர்ந்தார். பெங்களூரு ஜக்கூரில் அரசு பறக்கும் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டபோது சுந்தரம் அதன் முதல் முதல்வரானார். 1949-இல் அப்பள்ளியில் முதலாவதாகத் தேர்ச்சி பெற்று வெளிவந்தவர் உஷா. சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அவரைக் குறிப்பிடுவர்.

இவ்விணையர் பணியாற்றிய காலம் அமைதியான காலமன்று. ஐந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட சுதேச அரசுகளை இந்தியாவோடு இணைக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. சர்தார் பட்டேலும் பிற தலைவர்களும் ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஓயாது பயணம் செய்தனர். நேரு, பட்டேல், இராசேந்திர பிரசாத் ஆகியோரைச் சுமந்த விமானத்தின் முன்னறையில் சுந்தரமும் உஷாவும் இருந்தனர். வரலாற்று நூல்களில் ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டோர் பெயர்கள் உள்ளன. அவர்களை உரிய நேரத்தில் கொண்டுசேர்த்தவர்களைத் தேடித்தான் காண வேண்டியுள்ளது.

1947-இல் நாடு பிரிந்தது. எல்லையின் இருபுறமும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்து இடம்பெயர்ந்தனர். தொடர்வண்டிகளும் மாட்டுவண்டிகளும் கால்நடைப் பயணமுமே பெரும்பாலோர்க்கு வழி. வான்வழியாகச் சிலரையேனும் மீட்க இயலுமா என்ற நிலையில், பாகிஸ்தான் பகுதியில் சிக்கிக்கொண்டோரை அழைத்துவரும் பணியை மேற்கொண்ட விமானிகளுள் உஷாவும் சுந்தரமும் இருந்தனர். உஷா அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

அப்பணியின் கடுமையை அறிய, டகோட்டா விமானத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். இரண்டு எந்திரங்கள் கொண்ட அது, இயல்பாக இருபத்தைந்து பேர் அளவில் ஏற்றிச் செல்லும். எடை கூடினால் தரையைவிட்டு எழ நீண்ட ஓடுபாதை வேண்டும். எழுந்தபின் மெல்லவே மேலேறும். ஓர் எந்திரம் பழுதானால் மற்றொன்றால் தாங்க இயலாது போகும். எரிபொருளைக் குறைத்து ஆளைக் கூட்டலாம். ஆனால் வழியில் வானிலை மாறினால் வேறு நிலையத்துக்குத் திரும்ப எரிபொருள் இராது. பிரிவினைக் காலத்தில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அளவுக்கு மிகுதியானோரை ஏற்றிப் பறந்த பயணங்கள் பல. ஓடுபாதை ஓரத்தில் கூட்டம் காத்து நிற்கையில், இன்னும் எத்தனை பேரை ஏற்றலாம் என்று முடிவு செய்பவர் விமானி. அவர் போடும் கணக்கில் தவறினால் ஏறியவர் அனைவர்க்கும் இடர்; மிகவும் அஞ்சினால் ஏறியிருக்கக் கூடிய ஒரு குடும்பம் ஓடுபாதையிலேயே நின்றுவிடும். பிறர்க்கு உதவும் பணியில் இரக்கத்தோடு கணிதமும் சேர்ந்தே வருகிறது என்பதை இவ்விடத்தில் காண்கிறோம். கணிதம் அறியாத இரக்கம் ஓடுபாதையின் முடிவில் மரத்தில் மோதும்.

இலண்டன் முதல் பம்பாய் வரை

உஷாவின் வாழ்வில் இராசபாளையத்தோடு தொடர்புடைய நிகழ்வு ஒன்று உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாநில அரசின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் இராசபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா. தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலைமன்றத்திற்காக மக்களுக்கு அளித்தவர் அவர். அவருடைய அரசின் காலத்தில், சென்னை அரசு 'டவ்' என்னும் வகையைச் சேர்ந்த விமானம் ஒன்றை இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் நிறுவனத்திடமிருந்து வாங்கியது. டவ் என்றால் புறா. அதனை இங்கிலாந்திலிருந்து ஓட்டிவரும் பொறுப்பு சுந்தரம், உஷா இணையரிடம் வந்தது.

டவ் சிறிய விமானம். பத்துப் பேர் அளவில்தான் அமரலாம். இன்றைய பயணிகள் விமானத்தில் உள்ளதுபோல் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் அமைப்பு அதில் இல்லை. ஆகவே மிக உயரத்தில், முகில்களுக்கு மேலே அமைதியாகப் பறக்க இயலாது. வெப்பக் காற்று குலுக்கும் தாழ்ந்த உயரத்திலேயே பாலைநிலங்களையும் கடலையும் கடந்தாக வேண்டும். எரிபொருள் நிரப்ப இடையிடையே இறங்கவும் வேண்டும். இலண்டனிலிருந்து பம்பாய் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 7,200 கிலோமீட்டர் தொலைவு. 1951-இல் அவ்விணையர் அப்பயணத்தை 27 மணி நேரத்தில் முடித்தனர். உந்துதண்டு எந்திரம் பூட்டிய விமானத்திற்கு அது சாதனையாகப் பதிவாயிற்று. இன்றைய தாரை விமானம் அத்தொலைவை ஒன்பது மணி நேர அளவில் கடக்கிறது. வேகத்தில் ஒப்பிட்டால் அச்சாதனை இன்று சிறிதாகத் தோன்றக்கூடும். செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லாமல், வரைபடமும் திசைகாட்டியும் வானொலியும் துணையாகக் கொண்டு இருவர் மாறி மாறிச் செலுத்திய பயணம் அது என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வாறு தோன்றாது.

வெள்ளத்தில் தத்தளித்த குட்டிகள்

இவர்கள் வரலாற்றின் அடுத்த பகுதி எதிர்பாராதது. 1959-ஆம் ஆண்டு, சென்னையில் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைச் சுந்தரம் வீட்டுக்கு எடுத்துவந்தார் என்பர். அவ்வாறு அவர்கள் வீட்டிலேயே தொடங்கிய பணிதான் இந்திய நீலச்சிலுவைச் சங்கம். 1964-இல் அது முறையாகப் பதிவு பெற்றது. பட்டேலையும் நேருவையும் ஏற்றிச் சென்ற கைகள், தெருவில் அடிபட்டுக் கிடந்த நாயைத் தூக்கின. இரண்டும் ஒரே அக்கறையோடு செய்யப்பட்டன என்பதே இவ்விணையரிடம் நாம் காணும் தனிச்சிறப்பு.

தெருநாய்களைப் பிடித்துக் கொல்லுதல் அந்நாளில் மாநகராட்சியின் நடைமுறையாக இருந்தது. கொல்வதால் நாய்கள் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. ஓரிடத்து நாய்களை அகற்றினால் வேறு நாய்கள் அங்கு வந்து பெருகின. ஆகவே கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று நீலச்சிலுவைச் சங்கம் 1964 முதல் கூறிவந்தது. சென்னை மாநகராட்சி அதனை ஏற்றுக்கொண்டது 1996-இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்! 27 மணி நேரத்தில் இலண்டனிலிருந்து பம்பாய் வந்தடைந்தவர்கள், சென்னையில் ஒரு கருத்தை வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கொண்டுசேர்க்க இத்துணைக் காலம் பொறுத்திருந்தனர். 2001-இல் அம்முறை நடுவண் அரசின் விதியாகவே நாடு முழுமைக்கும் வந்தது. சுந்தரம் 1997-இலும் உஷா 2010-இலும் மறைந்தனர்.

இராசபாளையத்து மாணவர்க்கு நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இராசபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளியிடப்பட்டது. இனப்பெயர் பெற்ற நாயைப் போற்ற ஊர் உண்டு, உடையவர் உண்டு. இனப்பெயரும் உடையவரும் இல்லாத நாய்களின் பக்கம் நின்றனர் இவ்விணையர்.

ஒன்பதாம் இடம்

எல்லார்க்கும் விமானம் செலுத்தும் வாய்ப்புக் கிட்டுவதில்லை. இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் இளமைக் கனவு போர்விமானி ஆவது. கடற்கரையில் பறவைகள் எழுவதையும் அமர்வதையும் காட்டிப் பாடம் நடத்திய சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியரிடமிருந்து அக்கனவு தொடங்கிற்று. குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது, தமக்கை ஜொகரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். வானூர்திப் பொறியியல் பயின்ற கலாம், விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். தேர்வுக்கு வந்தோர் இருபத்தைவர். இடங்கள் எட்டு. கலாம் பெற்றது ஒன்பதாம் இடம்.

ஓர் இடம் தவறியதன் வலியை அவர் தம் நூலில் மறைக்கவில்லை. உளம் சோர்ந்து ரிஷிகேசம் சென்று, அங்கே சிவானந்தரைக் கண்டு மனம் தேறினார் என்று எழுதியுள்ளார். பிறகு தில்லியில் பாதுகாப்புத் துறையின் வானூர்தி சார்ந்த பிரிவில் அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1980-இல் ஏவூர்தி ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது, 1989-இல் அக்னி எழுந்தது.

அவற்றினும் குறைவாகப் பேசப்படும் ஒரு பணி இங்கு நம் கவனத்துக்குரியது. ஐதராபாத் நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், போலியோவால் கால் தளர்ந்த சிறுவர்கள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகத் தாங்கிகளைக் கால்களில் பூட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தனர். அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளைக் கொண்டு, கலாமின் குழுவினர் 300 கிராம் எடையில் புதிய தாங்கிகளைச் செய்து தந்தனர். அவற்றை அணிந்து பிள்ளைகள் துள்ளி நடந்ததைக் கண்ட நாளைத் தம் வாழ்வின் பேரின்ப நாள்களுள் ஒன்றாகக் கலாம் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். விமானம் எழ எடை குறைய வேண்டும். ஒரு சிறுமியின் கால் எழவும் எடைதான் குறைய வேண்டியிருந்தது. வானூர்தி அறிவியல் இவ்வாறு தரைக்கு இறங்கி வந்தது.

2006 சூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக இருந்த கலாம், புனே அருகே லோகேகாவ் தளத்திலிருந்து சுகோய்-30 போர்விமானத்தில் பறந்தார். அப்போது அவருக்கு வயது 74. டேராடூனில் தவறிய இருக்கையை அடைய அரை நூற்றாண்டு அளவு காத்திருந்தார் என்று கூறலாம். எனினும் அந்த அரைமணி நேரப் பயணத்துக்காக அவர் காத்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை.

கயிற்றின் முனையில்

விசயையின் மயிற்பொறிக் கதை 2018-இல் வேறு வடிவில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஆகத்து மாதம் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. ஆகத்து 17 அன்று ஆலுவாப் பகுதியில் வீட்டில் சிக்கியிருந்த நிறைமாதக் கருவுற்ற பெண் ஒருவரைக் கடற்படை ஹெலிகாப்டர் மீட்டது. அதனைச் செலுத்தியவர் கமாண்டர் விஜய் வர்மா. முதலில் மருத்துவர் ஒருவர் கயிற்றில் இறக்கப்பட்டு, அப்பெண்ணைத் தூக்கலாமா என ஆய்ந்தார். பின்னர் அப்பெண் கயிற்றில் பிணைக்கப்பட்டு மேலே இழுக்கப்பட்டார். கொச்சியிலுள்ள கடற்படை மருத்துவமனையில் அன்றே ஆண்குழந்தை பிறந்தது. கொச்சியிலுள்ள கடற்படை வானூர்தித் தளத்தின் பெயர் கருடா!

ஹெலிகாப்டர் ஓரிடத்தில் அசையாமல் நிற்பது பார்க்க எளிது; செய்ய மிக அரிது. சுழலும் இறக்கைகள் கீழே தள்ளும் காற்று, கூரைத் தகடுகளையும் மரக்கிளைகளையும் அலைக்கழிக்கும். மின்கம்பிகள் கண்ணுக்குப் புலப்படா. எல்லாவற்றினும் கடினமானது, தமக்கு நேர் கீழே தொங்குபவரை விமானியால் காண இயலாமை. பக்கக் கதவருகே கவிழ்ந்து பார்க்கும் வீரர், முன்னே, பின்னே, இடம், வலம் என்று குரலால் சொல்லிக்கொண்டே இருப்பார். விமானி அக்குரலை நம்பிக் கையை அசைப்பார். தம் திறமையை மட்டுமே நம்புபவர் இப்பணிக்கு உதவார்.

2023 திசம்பரில் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. திருவைகுண்டம் நிலையத்தில் தொடர்வண்டி ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. சாலைகள் அறுந்திருந்த அந்நாள்களில் விமானப்படை, கடற்படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொதிகளை இட்டுச்சென்றன. உடனடியாக உதவி தேவைப்பட்டோரைத் தூக்கியும் வந்தன. அப்பணியில் ஈடுபட்ட கடற்படைத் தளங்களுள் ஒன்று இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ளது. அதன் பெயர் ஐ.என்.எஸ். பருந்து. நாடு முழுவதற்கும் உரிய ஒரு படைத்தளம் தூய தமிழ்ப்பெயர் தாங்கி நிற்பது தமிழாசிரியர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

விமானி ஆக விரும்புவோர்க்கு

தனியார் பயிற்சிப் பள்ளிகளில் விமானி உரிமம் பெறப் பல இலட்சம் உருவா செலவாகும் என்பது உண்மை. வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்த பட்டறிவும் வேண்டும். விமானம் எழும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எரிபொருளும் பராமரிப்பும் உண்டாகையால் கட்டணம் உயர்கிறது. இதனைக் கேட்டவுடன் பல வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. இன்னொரு வழி இருப்பது பலர்க்கும் தெரிவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் பயின்றோர் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு எழுதி, விமானப்படைப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்வானோர்க்குப் பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. 2022 முதல் பெண்களும் அக்கழகத்தில் பயில்கின்றனர். 2016-இலேயே அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் இந்திய விமானப்படையின் முதல் பெண் போர்விமானிகளாகப் பொறுப்பேற்றுவிட்டனர். நம் மாநிலத்தில் அமராவதி நகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி, இவ்வழியில் செல்ல விரும்பும் சிறுவயதினர்க்கு உரியது.

உடற்தகுதியில் பார்வைக் குறைவால் தவறுவோரும் உண்டு. வானூர்தியின் பழுதுநீக்குநர், வான்போக்குவரத்தைக் கட்டுப்படுத்துநர், வானிலை கணிப்பவர், கதவருகே நின்று குரல் கொடுப்பவர் ஆகியோர் இல்லாமல் எந்த விமானியும் எழ இயலாது.

விமானி கற்க வேண்டிய பாடங்களுள் வானிலையியலும் ஒன்று. அதன் தொடக்கப் பயிற்சிக்கு இராசபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ உள்ள மாணவர் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் மலைக்கு அப்பால் மழை கொட்டும்போது, இப்பக்கம் முகில்கள் முகட்டோடு நின்றுவிடும். காற்று மட்டும் சரிவில் உருண்டு இறங்கி வரும். மலையின் மறைவுப்பக்கத்தில் இவ்வாறு இறங்கும் காற்று சிறு விமானத்தைக் கீழே அழுத்தவல்லது. ஆகவே அதன் போக்கை அறியாமல் எவரும் முகட்டை நெருங்கிப் பறப்பதில்லை. காலையில் காற்று எப்பக்கமிருந்து வருகிறது, முகில் முகட்டின் எந்த இடத்தில் கலைகிறது, பிற்பகலில் அது எவ்வாறு மாறுகிறது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வரலாம். மொட்டைமாடியும் ஒரு பென்சிலும் அதற்குப் போதும்.